பஸ்ஸிலும் தேநீர், வாவிக்கரையிலும் தேநீர்: வாசகர் கேள்வி பதில்

இரண்டு இதழ்களுக்கு முன்னர், லண்டனில் என் தங்கையின் மகளோடு மாலைத் தேநீருக்குப் போன கதையை இந்தப் பகுதியில் நாலே வரியில் குறிப்பிட்டிருந்தேன். வேறெந்தப் பதிலுக்கும் வராத அளவுக்கு அந்த நாலு வரிக்குக் கடிதங்கள் வந்துவிட்டன. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வீட்டுக்கு ஒருவராவது கடல் கடந்து இருக்கும் காலத்தில் இது வியப்பில்லை. ஆகவே இம்முறை முழுப் பக்கமும் தேநீருக்கே.

கேள்வி: அம்மா, எனக்கு வயது 63. லண்டனில் இருக்கும் மகள் ஜூலை மாதம் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். பழைய சிவப்பு இரட்டைத் தட்டு பஸ்ஸில் ஊரைச் சுற்றிக்கொண்டே தேநீர் குடிப்பதற்குப் பதிவு செய்துவிட்டதாகச் சொல்கிறாள். ஓடுகின்ற பஸ்ஸில் தேநீர் எப்படிக் குடிப்பது? பொத்துவில் பஸ்ஸில் தண்ணீர்ப் போத்தலே வாய்க்கு நேரே நிற்பதில்லை.
(வாசகி, களுவாஞ்சிகுடி)

பதில்: அந்த பஸ் பொத்துவில் பஸ்ஸைப் போலப் பறக்காது அக்கா, பயப்படாதீர்கள். நடு லண்டன் நெரிசலில் அது ஊர்ந்துதான் போகும். உங்கள் மகள் சொல்வது பெரும்பாலும் ரூட்மாஸ்டர் எனப்படும் பஸ்ஸாக இருக்கும். 1954 முதல் 1968 வரை கட்டப்பட்டு, லண்டன் வீதிகளின் அடையாளமாகவே இருந்த அவை 2005 டிசம்பரில் அன்றாடச் சேவையிலிருந்து விடைபெற்றன. ஓய்ந்தவற்றுள் சிலவற்றின் இருக்கைகளைக் கழற்றி, எதிரும் புதிருமாக ஆசனங்களையும் நடுவே மேசைகளையும் பொருத்தி, பேக்கரிக்காரர்கள் நடமாடும் தேநீர்ச்சாலைகளாக்கினார்கள். லண்டனில் ஓடித் தேய்ந்த இரட்டைத் தட்டு பஸ்கள் ஒரு காலத்தில் இலங்கைக்கும் வந்து ஓடியவைதாம் என்பதால், ஏறியதும் உங்களுக்கு ஏதோ பழகிய வாசம் அடித்தாலும் அடிக்கும்.

தேநீர் பெரும்பாலும் மூடி போட்ட கோப்பையில் வரும். தட்டுகள் வழுக்காதபடி வைக்கப்பட்டிருக்கும். ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம் பாராளுமன்றம், டிரஃபல்கர் சதுக்கம், ஹைட் பூங்கா என்று சுற்றி வரும்போது சிறு சிறு சாண்ட்விச்சுகளும் ஸ்கோன் எனப்படும் சிறு பணிஸும் விரல் நீளக் கேக்குகளும் மேசையில் இருக்கும். ஆனால் மகளிடம் மூன்று விடயங்களை இப்போதே சொல்லிவிடுங்கள். எதிரும் புதிருமான ஆசனங்களில் பாதிப்பேர் பின்னோக்கி அமர்ந்துதான் போக வேண்டும் என்பதால், தலைச்சுற்று வருபவரென்றால் முன்னோக்கிய ஆசனம் கேட்கவேண்டும். மேல் தட்டுக்குப் போகும் படி குறுகலானது, வளைவானது. முழங்கால் நோவுள்ளவர்களுக்குக் கீழ்த்தட்டே உத்தமம், காட்சி சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. மூன்றாவது, அந்த பஸ்ஸில் கழிப்பறை கிடையாது. ஏறுவதற்கு முன் இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகவேண்டாம்.

என்ன உடுப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். சேலை போதும். ரிட்ஸ் ஹோட்டலில் ஆண்களுக்குக் கோட்டும் கழுத்துப்பட்டியும் கட்டாயம் என்று விதி இருக்கிறது. சேலை கட்டிய பெண்ணை எந்த வாசலிலும் நிறுத்திப் பார்த்ததாக நான் அறியேன்.

கேள்வி: பஸ்ஸைத் தவிர வேறென்ன விசித்திரமான தேநீர் விருந்துகள் லண்டனில் இருக்கின்றன? எனது பட்டமளிப்புக்கு அங்கு வரும் அம்மாவையும் பத்து வயதுத் தம்பியையும் ஒரே நாளில் மகிழ்விக்க வேண்டும்.
(கல்முனையிலிருந்து படிக்கப் போயிருக்கும் வாசகர்)

பதில்: மகன், தம்பிக்கு ஏற்ற இடத்தை முதலில் சொல்கிறேன். தென் கென்சிங்டனில் அறிவியல் அருங்காட்சியகத்துக்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கும் பக்கத்தில் அம்பர்சான்ட் என்றொரு ஹோட்டல் இருக்கிறது. அயலிலுள்ள அருங்காட்சியகங்களையே கருப்பொருளாக்கி அவர்கள் அறிவியல் தேநீர் ஒன்றை நடத்தி வருகிறார்கள்; டைனோசர் வடிவ பிஸ்கட்டும் விண்வெளி வீரர் வடிவச் சொக்கலேட்டும் வரும் தட்டைப் பார்த்தால் பத்து வயதுப் பிள்ளை அசையாமல் உட்காரும். காலையில் அருங்காட்சியகத்தில் உண்மையான எலும்புக்கூட்டைக் காட்டிவிட்டுப் பிற்பகல் பிஸ்கட் எலும்புக்கூட்டைத் தின்னக் கொடுங்கள். அருங்காட்சியகங்கள் இரண்டுக்கும் பொது நுழைவு இலவசம்.

அம்மா உடுப்பு, நகை, நிறம் ஆகியவற்றில் ரசனை உள்ளவரென்றால் நைட்ஸ்பிரிட்ஜில் பெர்க்லி ஹோட்டல். அங்கே கேக்குகள் கைப்பையாகவும் குதிகால் செருப்பாகவும் மேலங்கியாகவும் வரும். ஆடை வடிவமைப்பாளர்களின் புதிய தொகுப்புகள் மாறும்போது கேக்குகளும் மாறும். செருப்பைத் தின்பதா என்று என் தங்கை முகம் சுளித்தாள். பிறகு இரண்டு சோடி தின்றாள்.

மேஃபெயரிலுள்ள ஸ்கெச் என்ற இடத்தைப் பற்றி உங்கள் நண்பர்கள் கட்டாயம் சொல்லியிருப்பார்கள். 2014 தொடக்கம் சுவர், ஆசனம் எல்லாம் இளஞ்சிவப்பாக இருந்த அதன் தேநீர் மண்டபம் 2022இல் பொன்மஞ்சளுக்கு மாறி, யிங்கா ஷோனிபாரே என்ற கலைஞரின் படைப்புகளைச் சுமந்து நிற்கிறது. பழைய இளஞ்சிவப்புப் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டுப் போகிறவர்கள் ஏமாறுவதுண்டு. அங்கே எல்லோரும் படமெடுக்கும் இடம் தேநீர் மேசையல்ல, கழிப்பறை. வெள்ளை முட்டைகளை வரிசையாக நிறுத்தி வைத்ததுபோல ஒவ்வொன்றும் ஒரு தனிக்கூடு. முயல் வளைக்குள் விழுந்த ஆலிஸ் என்ற சிறுமியின் பழைய கதையை வைத்துச் சண்டர்சன் ஹோட்டல் நடத்திய தேநீர் விருந்தும் பெயர் பெற்றது.

இவை நாடகக் கொட்டகைகள் மாதிரி, இன்றுள்ள காட்சி நாளை இராது. பதிவு செய்யும் நாளன்று அந்தக் கருப்பொருள் இன்னும் நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பட்டமளிப்புக் காலத்தில் வார இறுதி மேசைகள் வெகு முன்னதாகவே தீர்ந்துவிடும் என்பதால் ஒரு புதன்கிழமையைத் தேடுவது புத்தி.

கேள்வி: ஹலால் உணவு மட்டும் உண்ணும் எங்களுக்கு இந்த விருந்துகள் சரிவருமா, சகோதரி?
(வாசகர், காத்தான்குடி)

பதில்: சரிவரும் சகோதரரே, ஆனால் பதிவின்போதே சொல்லவேண்டும், மேசையில் அமர்ந்த பின் சொல்லக்கூடாது. பலரும் இறைச்சியை மட்டும் விசாரித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். பன்றி இறைச்சிச் சாண்ட்விச்சை ஒதுக்குவது எளிது. சிக்கல், மூன்று தட்டுத் தாங்கியின் மேல் தட்டிலுள்ள இனிப்புகளில்தான் இருக்கிறது. மூஸ், மார்ஷ்மெலோ போன்றவற்றை இறுக வைக்கும் ஜெலட்டின் எதிலிருந்து வந்தது என்பதும், கேக்கிலும் சொக்கலேட்டிலும் மதுபானம் தெளித்திருக்கிறார்களா என்பதும் கேட்டறிய வேண்டியவை. ஆகவே "ஹலால்" என்று ஒரு சொல்லோடு நிறுத்தாமல், ஜெலட்டின் கூடாது, மதுபானம் கூடாது என்று தனித்தனியே எழுதி அனுப்புங்கள். இறைச்சி தவிர்த்த சைவத் தட்டும், பால், முட்டையும் தவிர்த்த வீகன் தட்டும் இப்போது அநேகமாக எல்லா இடத்திலும் உண்டு. அதைக் கேட்பது இன்னொரு வழி, ஆனால் மதுபானத்தைப் பற்றி அப்போதும் கேட்டுக்கொள்ள வேண்டும். "டிப்சி டீ" என்று எங்காவது பெயர் கண்டால் தேநீர்க் கேத்தலுக்குள் இருப்பது தேநீரல்ல என்று விளங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: ஆஃப்டர்நூன் டீ, ஹை டீ, கிரீம் டீ மூன்றும் ஒன்றா?
(பல்கலைக்கழக மாணவி, வந்தாறுமூலை)

பதில்: இல்லை மகள், கொழும்பு ஹோட்டல்கள்தாம் நம்மைக் குழப்பிவிட்டன. 1840 அளவில் பெட்ஃபோர்ட் பிரபுவின் மனைவி ஆனா மரியா, மதியச் சிற்றுண்டிக்கும் இரவு எட்டு மணி விருந்துக்கும் இடையில் பசி தாங்காமல் தன் அறைக்குத் தேநீரும் பாணும் பட்டரும் கொண்டுவரச் செய்தார் என்றும், பிறகு தோழியரையும் சேர்த்துக்கொண்டார் என்றும் சொல்வார்கள். சாய்மானக் கதிரைகளில் அமர்ந்து தாழ்ந்த மேசையில் உண்ட இந்தச் சீமாட்டிப் பழக்கமே ஆஃப்டர்நூன் டீ. ஹை டீ அதற்கு நேர் மாறானது. ஆலையிலிருந்து மாலை ஆறு மணிக்குக் களைத்து வந்த தொழிலாளி உயர்ந்த சாப்பாட்டு மேசையில் இறைச்சியும் பாணும் தேநீருமாக வயிறாறச் சாப்பிட்டது. 1864இல் தொடங்கிய கோல்ஃபேஸ் ஹோட்டலின் விறாந்தையில் கடலைப் பார்த்தபடி ரோல்ஸும் கேக்கும் சாப்பிட்டுவிட்டு "ஹை டீக்குப் போனோம்" என்று நாம் சொல்வதை ஓர் ஆங்கிலேயத் தொழிலாளி கேட்டால் சிரிப்பார். கிரீம் டீ என்பது வெறும் ஸ்கோனும் ஜாமும் உறைந்த கிரீமும் ஒரு கேத்தல் தேநீரும். தேநீருக்குள் கிரீம் ஊற்றுவதல்ல.

இன்னொன்று. அந்தச் சீமாட்டி குடித்தது நம்முடைய தேயிலையாக இருந்திருக்க முடியாது. இலங்கையில் வணிகத்துக்கென முதன்முதலாக லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல்தான்.

கேள்வி: சுண்டுவிரலை நீட்டிக்கொண்டுதான் குடிக்க வேண்டுமா? ஜாம் முதலிலா, கிரீம் முதலிலா?
(வாசகி, அக்கரைப்பற்று)

பதில்: விரலை மடக்கியே வைத்திருங்கள். டெவன் மாவட்டத்தார் கிரீமை முதலில் பூசுவார்கள், கோர்ன்வால் மாவட்டத்தார் ஜாமை முதலில் பூசுவார்கள். நீங்கள் இரண்டு ஊருக்கும் மருமகள் அல்லாததால் விரும்பியபடி செய்யலாம். உண்ணும் வரிசைக்கு மட்டும் ஒரு வழக்கம் உண்டு: கீழ்த்தட்டுச் சாண்ட்விச்சிலிருந்து மேலே ஏறுவது.

கேள்வி: ஒரு கோப்பை தேத்தண்ணிக்கு எழுபது பவுண் கொடுப்பது பைத்தியக்காரத்தனம் அல்லவா? சந்திக் கடையில் எங்கள் பிளேன்டீக்கு ஈடாகுமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், தம்பிலுவில்)

பதில்: ஐயா, உங்கள் கோபம் எனக்கும் இருந்தது. பெரிய நட்சத்திர ஹோட்டல்களில் ஒருவருக்கு 70 பவுணுக்கு மேல்தான். அதற்கு மேலும் 12.5 வீதம் சேவைக் கட்டணம் சேர்ப்பது அங்கே பரவலான வழக்கம். நாலு பேர் போனால் நம்மூரில் ஒரு சிறிய கலியாணவீட்டுப் பலகாரச் செலவு.

ஆனால் அந்தக் காசு தேநீருக்குக் கொடுப்பதல்ல. ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்துக்கு அந்த ஆசனத்தை வாடகைக்கு எடுக்கிறோம். பியானோ வாசிப்பவர், மேசைப் பூ, வெள்ளித் தாங்கி எல்லாம் அதற்குள் அடக்கம். சாண்ட்விச்சும் தேநீரும் முடிந்தால் மறுபடி கேட்டு வாங்கலாம் என்பதைப் பல இடங்களில் அவர்களாகச் சொல்லமாட்டார்கள், நாம்தான் வாய் திறக்க வேண்டும். நான் போன ஹோட்டலின் பெயர் வேண்டாம். மண்டபம் முழுக்கக் காகிதப் பூந்தோட்டம், கூரையிலிருந்து வண்ணத்துப்பூச்சிகள், கேக்கின் மேல் சீனியால் செய்த தேனீ. எல்லாம் அழகு. தேநீரோ, இலையைக் கேத்தலுக்குள்ளேயே விட்டுவிட்டதால், மூன்றாவது கோப்பைக்கு வரும்போது தார் போலக் கறுத்து, நாக்கின் இரு பக்கமும் இழுத்துப் பிடித்தது. என் தங்கை மகள் வெட்கப்பட்டுக் கையைப் பிசைந்தாள். நான் பணியாளரைக் கூப்பிட்டு, இலங்கையிலிருந்து வருகிறேன், இதைக் குடிக்க முடியாது என்றேன். ஒரு சொல் மறுக்காமல் புதுக் கேத்தல் வந்தது, கூடவே இலையை வடித்து ஊற்ற வெறுங் கேத்தல் ஒன்றும் வந்தது. அதன் பிறகுதான் எனக்கு அந்தக் காகிதப் பூக்கள் கண்ணில் பட்டன.

ஆகவே ஐயா, நான் இடம் தெரிவுசெய்யும் முறை இதுதான்: அலங்காரத்தைப் படத்தில் பார்க்கலாம், இலையைப் பட்டியலில் பார்க்க வேண்டும். "கறுப்புத் தேநீர், பச்சைத் தேநீர்" என்று இரண்டு வரியில் முடித்திருந்தால் அங்கே கேக்தான் எசமான். ஊவா, திம்புள்ள, நுவரெலியா, அசாம், டார்ஜிலிங் என்று ஊர் பிரித்து எழுதியிருந்தால் யாரோ ஒருவர் கேத்தலையும் கவனிக்கிறார் என்று அர்த்தம்.

காசு மிச்சம் பிடிக்க விரும்புகிறவர்களுக்கு விக்டோரியா அன்ட் அல்பர்ட் அருங்காட்சியகத்தின் சிற்றுண்டிச்சாலையைச் சொல்வேன். ஓடு பதித்த தூண்களும் வண்ணக் கண்ணாடியுமாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய மண்டபங்கள். அருங்காட்சியகத்துக்குள் சாப்பாட்டுச்சாலை வைத்த முதல் இடம் உலகிலேயே அதுதான் என்பார்கள். தட்டைக் கையில் ஏந்தி வரிசையில் நின்று ஒரு ஸ்கோனும் ஒரு கேத்தல் தேநீரும் வாங்கி அங்கே உட்கார்ந்தால், நட்சத்திர ஹோட்டல்களின் எந்தக் கருப்பொருளும் அதற்குக் கிட்ட நிற்காது. சந்திக் கடைப் பிளேன்டீயைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அது வேறு நீதிமன்றத்து வழக்கு.

கேள்வி: கல்லடியில் வாவியோரமாக எனக்கு ஆறு அறைகளோடு ஒரு விருந்தினர் விடுதி உண்டு. சுற்றுலாப் பயணிகள் காலையில் பாசிக்குடாவுக்குப் போய் மாலையில் திரும்பிச் சும்மா இருக்கிறார்கள். லண்டனில் நடப்பதுபோல ஒரு தேநீர் விருந்தை இங்கே தொடங்கலாமா? பாடுமீன் வேடமிட்ட பணியாளர்கள் என்று மகன் யோசனை சொல்கிறான்.
(விடுதி உரிமையாளர், கல்லடி)

பதில்: தொடங்குங்கள் தம்பி, ஆனால் மகனின் யோசனையை அன்போடு நிராகரித்துவிடுங்கள். லண்டன்காரர் கடுதாசிப் பூவும் சீனித் தேனீயும் செய்வது அவர்களுடைய ஜன்னலுக்கு வெளியே பஸ்சும் மழையும் மட்டுமே இருப்பதால். உங்கள் ஜன்னலுக்கு வெளியே வாவி இருக்கிறது. 1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலமும் அதன் அருகே புதுப் பாலமும் தெரிகின்றன. மீன் வேடம் போட்டால் வெள்ளைக்காரர் சிரிப்பார், ஊரார் அதைவிடச் சிரிப்பார்கள்.

தேயிலையிலிருந்து தொடங்குவோம். செங்கலடியிலிருந்து புறப்படும் பதுளை வீதி நேரே ஊவா மலைக்குப் போகிறது. ஆனி, ஆடி மாதங்களில் நம்மைக் கதவடைத்து உள்ளே இருக்கச் செய்கிற கச்சான் காற்று, மத்திய மலைகளின் மேற்குச் சரிவிலேயே ஈரத்தை இறக்கிவிட்டு, ஊவா வழியே வறண்டு வருகிற தென்மேற்குக் காற்றுத்தான். அந்த வறட்சியில்தான் ஊவாத் தேயிலை தன் பெயர்பெற்ற வாசனையைப் பெறுகிறது. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை பறிக்கும் கொழுந்துக்கு வெளிநாட்டில் தனி மதிப்பு. உங்களிடம் விருந்தினர் வருகிற காலமும் அதே காலம். ஆகவே நம் முகத்தைச் சுடுகிற காற்றும் அவர்களுடைய கோப்பையில் மணக்கிற காற்றும் ஒன்று என்பதை, கேத்தலைக் கொண்டுபோய் வைக்கும்போது இரண்டே வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். இதைவிட நல்ல கருப்பொருளை எந்த ஹோட்டலும் காசு கொடுத்து வாங்க முடியாது.

கடைகளுக்குப் போகும் டஸ்ட் என்ற தூள் தேயிலை வேண்டாம். அது பால் தேத்தண்ணிக்குச் சாயம் இறங்கத்தான் நல்லது. ஊவா இலைத் தேயிலையாக வாங்கி, ஒரு கோப்பைக்குச் சிறுகரண்டி ஒன்று போட்டு, மூன்று நாலு நிமிடத்தில் இலையை வடித்து வேறு கேத்தலுக்கு மாற்றிவிட வேண்டும். தேயிலை சுவைத்துத் தரம் பார்ப்பதற்கான சர்வதேச நியமம் 100 மில்லிலீட்டர் நீருக்கு 2 கிராம் தேயிலையும் ஆறு நிமிடமும் என்று சொல்கிறது. அது குறையைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை, விருந்தினருக்கு அல்ல. கரையோரக் கிணற்று நீரில் உவர் இருந்தால் எந்த உயர்ந்த தேயிலையும் மங்கிப்போகும், மேலே ஆடை படியும். நீரைச் சுத்திகரித்து, அப்போதுதான் கொதித்ததை ஊற்றுங்கள். பலகாரத்துக்குச் செலவழிப்பதில் கால்வாசியை நீருக்குச் செலவழித்தால் போதும்.

மூன்று தட்டை அப்படியே வைத்துக்கொள்ளலாம், உள்ளே உள்ளதை மாற்றுவோம். கீழ்த்தட்டில் வாவி இறால் வைத்த சிறு பாண் துண்டும் மரக்கறிக் கட்லட்டும். ஸ்கோன் செய்யப் போகவேண்டாம். சூடு ஆறினால் கல்லாகிவிடும். அதற்குப் பதிலாக உள்ளங்கையளவு தேங்காய் ரொட்டி. உறைந்த கிரீமின் இடத்துக்கு நம்மிடம் அதைவிட மேலான ஒன்று இருக்கிறது: எருமைத் தயிரை மெல்லிய துணியில் முடிந்து ஓரிரவு தொங்கவிடுங்கள், காலையில் கத்தியால் வெட்டும் பதத்தில் இருக்கும். ஜாமுக்குப் பனங்கட்டிப் பாகு. மேல் தட்டுக்குப் பயத்தம் உருண்டை, காத்தான்குடியிலிருந்து சின்னக் கிண்ணங்களில் வட்டிலப்பம், பறங்கியர் வீடொன்றில் சொல்லி எடுத்த லவ் கேக். ரவையும் கஜுவும் பன்னீரும் சேர்ந்த அந்தக் கேக்கை இந்த ஊர் பறங்கியப் பெண்கள் சுடுவதுபோலக் கொழும்பில் நான் சாப்பிட்டதில்லை. இவர்களிடம் விலை பேசாமல், கேட்ட கூலியைக் கொடுங்கள். மேசை விரிப்பும் கைத்துண்டும் மருதமுனைக் கைத்தறியில். சீனியும் ஹிங்குராணைச் சிவப்புச் சீனியென்றால் அம்பாறை மாவட்டத்துக்கு இன்னொரு பங்கும் வந்துவிடும்.

நேரத்தில் மட்டும் லண்டனைப் பின்பற்றாதீர்கள். மூன்றரை மணிக்கு நம் வாவிக்கரையில் உட்காரவைத்தால் விருந்தினர் வெந்துபோவார். ஐந்து மணிக்குத் தொடங்குங்கள். பௌர்ணமி நாளில் சூரியன் மறைகிற வேளையிலேயே நிலவு எழும் என்பதால், அன்று மட்டும் விருந்தை நீட்டி, விரும்பியவர்களை வள்ளத்தில் ஏற்றிப் பாலத்தடிக்கு அனுப்பலாம். துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் விட்டு மறு முனையைக் காதில் வைத்துக் கேட்கும் பழைய வழக்கத்தைக் காட்டிக்கொடுங்கள். நீருக்கடியிலிருந்து வரும், பாடுமீன்களின் பாட்டு என்று நம்மூரார் சொல்லும் அந்த ஒலி, சித்திரை தொடக்கம் புரட்டாதி வரையான அமைதியான இரவுகளில்தான் கேட்கும். ஆனால் விளம்பரத்தில் பாட்டுக்கு உத்தரவாதம் கொடுத்துவிடாதீர்கள். மீன்கள் முன்பதிவு ஏற்பதில்லை.

கடைசியாக ஒரு சில்லறை விடயம். திறந்த கரையில் மூன்று தட்டுத் தாங்கியை வைத்தால் முதல் விருந்தாளி காகமாகத்தான் இருக்கும். மருதமுனைக்குக் கைத்துண்டுக்குச் சொல்லும்போதே, தாங்கியை மூட மெல்லிய வலைத் துணிக்கும் அளவு கொடுத்துவிடுங்கள்.